செப்டம்பரில் கரீபியன் குரூஸ்: புயல் வந்தா ரூட் மாறுமாம், அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாமா?

பெரம்பூர்_கீதா | ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். அண்ணன் அமெரிக்காவுல, ஒர்லாண்டோ பக்கம் இருக்கார். அப்பாவுக்கு எழுபது முடியறதை ஒட்டி நாங்க மூணு பேரும் செப்டம்பர்ல அங்க போறோம். அப்படியே ஏழு ராத்திரி கரீபியன் குரூஸ் ஒண்ணும் அண்ணன் புக் பண்ணிட்டார். ஃப்ளோரிடாவுல இருக்கற போர்ட் கனாவெரல்ல ஏறணும். செயின்ட் தாமஸ், சான் ஹுவான், பஹாமாஸ்ல ஒரு தீவு, அப்புறம் திரும்ப கனாவெரல். டிசம்பர் விலையோட பார்த்தா ரொம்பக் குறைச்சல், அதனாலதான் எடுத்தோம்.

இப்போதான் தெரியுது, செப்டம்பர் அங்க ஹரிகேன், அதாவது பெரும்புயல், உச்சத்துல இருக்கற மாசமாம். ரூட்டை எப்ப வேணா மாத்துவாங்களாம். அண்ணன் "மாறினா மாறட்டும், கடலைப் பார்த்துட்டு வருவோம்"ங்கறார். அப்பா ஐ.சி.எஃப். ரயில்பெட்டி ஃபேக்டரியில இருந்து ரிட்டயர் ஆனவர். டயம் டேபிள்ல போட்டபடி நடக்கணும் அவருக்கு. சான் ஹுவான்ல இருக்கற எல் மோரோ கோட்டையைப் பத்தி லைப்ரரில உட்கார்ந்து படிச்சு, தனியா ஒரு நோட்டே போட்டு வெச்சிருக்கார். அம்மாவுக்குக் கடல்னாலே பயம். வர்தா புயல் அன்னிக்குப் பக்கத்து வீட்டுத் தகரக் கூரை பறந்ததைப் பார்த்ததுல இருந்து காத்து சத்தம் கேட்டாலே தூங்க மாட்டாங்க.

கப்பல் காலையில கனாவெரல் வருது, அன்னிக்கு சாயங்காலமே எங்களுக்கு சென்னைக்கு ஃபிளைட். இதெல்லாம் சரிவருமா? கேன்சல் பண்ணிடலாமா? போய்ட்டு வந்தவங்க, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தண்டையார்பேட்டை_குக் | ஞாயிறு, இரவு 10.25

கீதா தங்கச்சி, குரூஸைக் கேன்சல் பண்ண வேணாம். ஃபிளைட்டை மட்டும் நாளைக்கே மாத்துங்க. மத்ததை நிதானமா பேசலாம்.

நான் பல வருஷம் குரூஸ் கப்பல் கிச்சன்ல வேலை பார்த்தவன். ஃப்ளோரிடாவுல இருந்து கிளம்பற கப்பல்கள்லதான் ரொம்ப நாள் இருந்தேன். அங்க ஹரிகேன் சீசன் ஜூன் 1ல இருந்து நவம்பர் 30 வரைக்கும். ஆகஸ்ட் நடுவுல இருந்து அக்டோபர் வரை மும்முரம், செப்டம்பர் 10 வாக்குல உச்சம். அந்த மாசங்கள்ல எழுதிக் கொடுத்த ரூட்டை எங்க கப்பல்ல யாரும் கல்வெட்டா எடுத்துக்க மாட்டோம். போர்டுல ஒட்டியிருக்கும், அவ்வளவுதான்.

அம்மா பயப்படற மாதிரி கப்பல் புயலுக்குள்ள போகாது. கப்பல் 20 நாட் வேகத்துல போனா மணிக்கு 37 கிலோமீட்டர். அந்தப் பக்கத்துப் புயல் பெரும்பாலும் மணிக்கு 15ல இருந்து 25 கிலோமீட்டர்தான் நகரும். ஒரு நாள் முன்னாடி முடிவெடுத்தா கேப்டன் 800 கிலோமீட்டருக்கு மேல விலகிடலாம். கப்பலால ஓட முடியும், போர்ட்டால முடியாது. அதனாலதான் போர்ட்டை விடறாங்க. உங்க ரூட் மாதிரி கிழக்குத் தீவுகளுக்குப் போகவேண்டிய கப்பலை மேற்கே மெக்சிகோவோட கோசுமெல், ஜமைக்கா, கேமன் பக்கம் திருப்பறது சீசன்ல அடிக்கடி நடக்கறதுதான்.

ரூட் மாறப்போறது கிச்சன்ல எங்களுக்குக் கொஞ்சம் முன்னாடியே புரிஞ்சிடும். ஸ்டோர்ல இருந்து ஆள் வந்து பால், முட்டை, கீரை எவ்வளவு இருக்குன்னு எண்ணுவார். அவர் ரெண்டாவது தடவை வந்து எண்ணினார்னா ஒரு நாள் கூடுதலா கடல்ல நிக்கப்போறோம்னு அர்த்தம். அப்புறம் கேப்டன் மைக்ல பேசுவார், ராத்திரி ஒவ்வொரு கேபினுக்கும் கடிதம் வரும். மேல்தளத்து நாற்காலியை எல்லாம் கயிறு போட்டுக் கட்டுவாங்க, நீச்சல் குளத்துத் தண்ணியை இறக்கிடுவாங்க, மாடிப்படிக் கைப்பிடியில வாந்திக்கான காகிதப் பைகளைச் செருகி வெப்பாங்க. நாங்க மேஜை விரிப்பைத் தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு தட்டுகளுக்கு அடியில விரிப்போம். ஈரத்துணி மேல தட்டு நகராது. பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் நிறைய எடுத்து வெப்போம், வயித்தைப் புரட்டறவங்களுக்கு அது கேக்கும்.

திரும்பி வர்ற நாள்தான் உங்களுக்குப் பிரச்சினை. 2017 செப்டம்பர்ல இர்மா புயல் வந்தப்போ ஃப்ளோரிடா போர்ட்டுகளை மூடிட்டாங்க. சில கப்பல்கள் பயணத்தைச் சுருக்கிக்கிட்டு முன்கூட்டியே மயாமி திரும்பின. மத்ததுங்க திரும்ப முடியாம நாள்கணக்குல கடல்லயும் கோசுமெல் பக்கமும் நின்னுது. கப்பலுக்குள்ள சாப்பாடு, படுக்கை எல்லாம் இருக்கும், அதுல குறை வராது. ஊருக்கு டிக்கெட் போட்டவங்க, திங்கட்கிழமை ஆபீஸ்னு இருந்தவங்க, மாத்திரை தீர்ந்துபோனவங்க, இவங்கதான் தவிச்சாங்க. கப்பல் இறங்கற அன்னிக்கே ஃபிளைட்ங்கறது இந்த மாசத்துல சரியே கிடையாது. குறைஞ்சது ரெண்டு நாள் தள்ளிப் போடுங்க. அண்ணன் வீடுதான் அங்கேயே இருக்கே.

ஹார்பர்_மணி | திங்கள், காலை 6.15

தண்டையார்பேட்டை தம்பி சொன்னது சரி. நான் ராயபுரம், சென்னை ஹார்பர்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். அம்மாவுக்குச் சொல்ற மாதிரி ஒரு விஷயம் எழுதறேன்.

நம்ம ஹார்பர்ல புயல் கூண்டு ஏத்தறதை டி.வி.ல பார்த்திருப்பீங்க. 1, 2ன்னா புயல் தூரத்துல இருக்கு. 3, 4ன்னா நம்ம துறைமுகத்துக்கு மோசமான வானிலை வரலாம். 5ல இருந்து 7 வரை அபாயம், 8ல இருந்து 10 வரை பெரும் அபாயம், 11ன்னா வானிலை மையத்தோட தொடர்பே போச்சு. கூண்டு ஏற ஏற நாங்க கப்பலை உள்ள பத்திரமா வெச்சுக்குவோம்னு வெளியில நினைப்பாங்க. நடக்கறது நேர் எதிர். உள்ள நிக்கற கப்பலை எல்லாம் வெளியே அனுப்பிடுவோம். கட்டிப்போட்ட கப்பல் சுவர்ல மோதும், கயிறு அறுந்தா பக்கத்துக் கப்பல் மேல போய் விழும். என்ஜின் ஓடற கப்பலுக்கு ஆழமான கடலும் சுத்தி இடமும் இருந்தா போதும்.

இடம் மட்டும் இருந்தாலும் பத்தாது. 2012 அக்டோபர் 31, நீலம் புயல் அன்னிக்கு பிரதிபா காவேரிங்கற எண்ணெய்க் கப்பல் நங்கூரம் இழுத்துக்கிட்டு வந்து பெசன்ட் நகர் பக்கம் தரை தட்டினதை எல்லாரும் பார்த்தோம். உயிர்காக்கும் படகு கவிழ்ந்து மாலுமிகள் சிலர் செத்துப்போனாங்க. அன்னிக்கு நான் ஹார்பர்லதான் இருந்தேன், அந்தக் காத்து இன்னும் காதுல இருக்கு. புயல் வர்ற திசையில நங்கூரம் போட்டு நிக்கற கப்பலோட கதி அது. முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு, என்ஜினோட, வழியை விட்டு விலகிப் போற கப்பலுக்கு அந்தக் கதி வராது. கேப்டன் ரூட்டை மாத்தறார்னா அந்த வேலையைத்தான் பார்க்கறார். மாத்த மாட்டேன், போட்டபடிதான் போவேன்னு ஒருத்தர் சொன்னா அந்தக் கப்பல்ல நான் என் வீட்டு ஆளை ஏத்த மாட்டேன்.

அமெரிக்காவுலயும் கூண்டு மாதிரி ஒரு ஏற்பாடு இருக்கு. கோஸ்ட் கார்டு நாலு நிலை அறிவிக்கும். பலத்த காத்து வர 72 மணி நேரம் இருந்தா விஸ்கி, 48 இருந்தா எக்ஸ்ரே, 24 இருந்தா யாங்கி, 12 இருந்தா ஜூலு. யாங்கியிலேயே உள்ள வர்ற கப்பலுக்குக் கட்டுப்பாடு வந்துடும், ஜூலுன்னா போர்ட் மூடியாச்சு. புயல் கடந்து மறுநாள் வெயில் அடிச்சாலும் உடனே திறக்க மாட்டாங்க. வழிகாட்டி மிதவைகள் நகர்ந்திருக்கும், கால்வாய்ல மண் சேர்ந்திருக்கும், அதையெல்லாம் அளந்து பார்த்துட்டுத்தான் விடுவாங்க. 2024 அக்டோபர்ல மில்டன் புயல் கடந்த பிறகு டாம்பாவுல அப்படித்தான் குரூஸ் கப்பல்கள் வெளியே காத்துக்கிட்டு இருந்தது.

வண்ணை_வாசுகி | திங்கள், காலை 11.05

எல்லாரும் கேப்டன் பக்கமே பேசறீங்க. பணம் கட்டினவங்க பக்கமும் யாராவது பேசணும்.

நாங்க குடும்பத்தோட போன குரூஸ்ல (கம்பெனி பேர் வேண்டாம்) ஒரு தீவுக்கு நேர்ல போய் நின்னுட்டு, "காத்து அதிகம், இறங்க முடியாது"ன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டாங்க. பால்கனியில இருந்து பார்க்கறேன், வேற ஒரு கப்பல் அதே துறையில கட்டி நிக்குது, ஜனங்க இறங்கிப் போறாங்க. என் பையன் "அவங்க மட்டும் எப்படிம்மா போறாங்க"ன்னு கேட்டான், பதில் சொல்ல முடியலை. சர்வீஸ் டெஸ்க்ல கேட்டா பாதுகாப்பு பாதுகாப்புன்னு ஒரே வார்த்தை. துறைமுகக் கட்டணம்னு எங்கக்கிட்ட வாங்கினதும் கேட்ட பிறகுதான் கணக்குல வந்தது. வளைஞ்சு கொடுங்கன்னு பயணிக்கு மட்டும் சொல்றீங்களே, விளக்கமா பதில் சொல்ற கடமை அவங்களுக்கு இல்லையா?

தண்டையார்பேட்டை_குக் | திங்கள், மாலை 4.50

வாசுகி அக்கா, உங்க கோபம் நியாயம்தான். விளக்கம் சொல்லாம விட்டது தப்பு, அதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

ஒரு கப்பல் கட்டினா இன்னொண்ணும் கட்டணும்னு மட்டும் இல்லைக்கா. இப்போ வர்ற கப்பல்கள் பதினஞ்சு இருபது மாடி உயரம். அந்தப் பக்கச்சுவர் மொத்தமும் காத்துக்குப் பாய் விரிச்ச மாதிரி. மெதுவா துறைக்குள்ள நுழையும்போது பக்கவாட்டுக் காத்து தள்ளினா, அதை எதிர்த்துத் தள்ள கப்பலுக்கு அடியில இருக்கற பக்கவாட்டு புரொப்பல்லருக்கு எவ்வளவு சக்தி இருக்குங்கறதைப் பொறுத்துத்தான் முடிவு. சின்னக் கப்பல், வேற பக்கம் பார்த்த துறை, ஒரு மணி நேரம் முன்னாடி வந்த கப்பல், இதுல எது மாறினாலும் முடிவும் மாறும். கப்பலைத் துறைக்குள்ள வழிகாட்டிக் கூட்டிட்டுப் போற உள்ளூர் பைலட் ஒத்துக்கணும். உள்ள போய்ட்டா வெளியே வரவும் முடியணும்.

துறைமுகக் கட்டணம், வரி, கப்பல் மூலமா புக் பண்ணின டூர் இதெல்லாம் போர்ட் விட்டுப்போனா திரும்ப வரணும். பெரும்பாலும் தானாவே உங்க கப்பல் கணக்குல சேர்ந்துடும். வரலைன்னா இறங்கறதுக்கு முந்தின ராத்திரி கேபின்ல இருந்தே கணக்கைப் பார்த்துட்டு, டெஸ்க்ல போய் நில்லுங்க. அது பிச்சை இல்லை, உங்க பணம். ரூட் மாறினதுக்கு விட்டுக்கொடுக்கலாம், பணத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

எண்ணூர்_எழில் | திங்கள், இரவு 8.45

வானிலைப் படங்களைத் தினமும் பார்க்கிறவன் என்ற முறையில் சிலது சொல்கிறேன்.

அட்லாண்டிக் புயல்களுக்கு மயாமியில் உள்ள அமெரிக்கத் தேசிய ஹரிகேன் மையம்தான் அதிகாரப்பூர்வமான இடம். நமக்கு இந்திய வானிலை ஆய்வு மையம் போல. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து அவர்களுடைய ஏழு நாள் கணிப்புப் படத்தைப் பாருங்கள். புயல் உருவாகிவிட்டால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை அறிக்கை வரும். செப்டம்பரில் நம் நேரப்படி காலை 8.30, மதியம் 2.30, இரவு 8.30, நள்ளிரவு தாண்டி 2.30. இடையில் யூடியூபில் சிவப்பு எழுத்தில் வருவதைப் பார்த்து அம்மாவைப் பயமுறுத்தாதீர்கள்.

படத்தில் கூம்பு வடிவில் வெள்ளையாக ஒன்று தெரியும். கூம்புக்கு வெளியே இருந்தால் தப்பித்தோம் என்று பலர் நினைக்கிறார்கள். அது புயலின் மையம் எங்கே போகக்கூடும் என்பதை மட்டுமே காட்டுகிறது. அதுவும் மூன்றில் இரண்டு பங்கு நேரம்தான் மையம் அதற்குள் இருக்கும். காற்றும் மழையும் அலையும் கூம்பைத் தாண்டி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரவும். மிக்ஜாம் புயல் நமக்கு அதைக் காட்டியது. 2023 டிசம்பர் 5 அன்று அது கரையைக் கடந்தது ஆந்திராவில் பாபட்லா அருகே. ஆனால் டிசம்பர் 3, 4 தேதிகளில் மூழ்கியது நாம். வியாசர்பாடியிலும் மணலியிலும் எண்ணூரிலும் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, புயல் ஒரே நாளில் வலுக்கக்கூடும். 2023 அக்டோபரில் மெக்சிகோவின் அகபுல்கோவைத் தாக்கிய ஓட்டிஸ், முந்தின நாள் வரை சாதாரணப் புயலாகத்தான் இருந்தது. கரையேறும்போது ஐந்தாம் வகை, அதாவது வலிமையில் உச்ச வகை. அதனால்தான் கேப்டன்கள் கடைசி நிமிடம் வரை காத்திருப்பதில்லை. வானம் நீலமாக இருக்கும்போதே ரூட்டை மாற்றிவிடுவார்கள். "இவ்வளவு நல்ல வெயிலில் ஏன் மாற்றினார்கள்" என்று அப்பா கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

காசிமேடு_அந்தோணி | திங்கள், இரவு 9.30

எழில் சொன்ன வெயில் விஷயம் முக்கியமானது. காத்து இருக்காது, வானம் பளிச்சுன்னு இருக்கும், ஆனா அலை மட்டும் தூக்கித் தூக்கி அடிக்கும். எங்கயோ தூரத்துல அடிச்ச புயலோட அலை அது, ரெண்டு மூணு நாள் கழிச்சு நம்மக்கிட்ட வரும். அந்த மாதிரி நாள்ல முகத்துவாரத்துல படகைத் திருப்பறதுதான் பயம், வெளிக்கடல்ல ஒண்ணும் தெரியாது. கப்பல்ல இருந்து சின்னப் படகுல இறக்கி விடற ஊர் இருந்தா முதல்ல அதைத்தான் கேன்சல் பண்ணுவாங்க. அம்மாவை அலையில ஆடற படகுல இறக்கறதைவிட அது நல்லது.

தண்டையார்பேட்டை_குக் | திங்கள், இரவு 9.50

அந்தோணி அண்ணே, கரெக்ட். கேமன் தீவு ஜார்ஜ்டவுன்ல அப்படித்தான். பெரிய கப்பல் கட்டத் துறையே கிடையாது, படகுலதான் போகணும். கிழக்கு ரூட்டுக்குப் பதிலா மேற்கே திருப்பிவிட்டாலும் கேமனை நிச்சயம்னு நினைச்சுக்க வேணாம்.

பெரம்பூர்_கீதா | செவ்வாய், காலை 7.20

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவுக்கு மணி சார் எழுதினதைப் படிச்சுக் காமிச்சேன். "கப்பலை வெளியே அனுப்பறதுதான் பத்திரமா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. கொஞ்சம் தெளிவா இருக்காங்க.

இப்போ எனக்கு வேற கேள்வி. நாங்க மூணு பேரும் இந்திய பாஸ்போர்ட். திடீர்னு மெக்சிகோ, ஜமைக்கான்னு திருப்பிட்டா விசா? இன்ஷூரன்ஸ் இங்க எடுக்கறதா, அங்க எடுக்கறதா? பயந்து நாங்களே கேன்சல் பண்ணினா பணம் வருமா?

கொளத்தூர்_டிராவல்ஸ் | செவ்வாய், மதியம் 1.10

மேடம், நான் இந்தத் தொழில்ல இருக்கேன், அதனால நேரா சொல்றேன்.

பணம்: கப்பல் கம்பெனி பயணத்தையே ரத்து பண்ணினா பணம் திரும்ப வரும். கப்பல் கிளம்புது, நீங்க பயந்து போகலைன்னா அது உங்க கேன்சல். கடைசித் தவணை கட்டின பிறகு தேதி நெருங்க நெருங்கப் பிடித்தம் ஏறிக்கிட்டே போகும், கடைசி வாரங்கள்ல பெரும்பாலும் ஒண்ணும் வராது. ரூட்டை மாத்தற உரிமை கம்பெனிக்கு உண்டுன்னு டிக்கெட் ஒப்பந்தத்துலயே இருக்கும். சான் ஹுவான் போகலைங்கறதுக்காக பயணக் கட்டணத்தைக் கேட்க முடியாது.

இன்ஷூரன்ஸ்: புக் பண்ணின கையோட எடுத்திருக்கணும். இன்னும் எடுக்கலைன்னா இந்த வாரமே எடுங்க. புயலுக்குப் பேர் வெச்ச பிறகு எடுக்கற பாலிசி அந்தப் புயலுக்கு உதவாது. மருத்துவச் செலவு மட்டும் பார்த்து எடுக்காதீங்க. பயணம் தாமதம், இடையில் முறிவு ரெண்டும் இருக்கா, குரூஸ் அதுல சேருமா, எழுபது வயசுக்கு வரம்பு எவ்வளவு, இதைப் பாலிசி வாசகத்துல கண்ணால பார்த்துட்டுப் பணம் கட்டுங்க.

விசா: உங்க அமெரிக்க விசா மல்டிபிள் என்ட்ரியான்னு முதல்ல பாருங்க. கப்பல்ல வெளிய போய்த் திரும்ப அமெரிக்காவுக்குள்ளதான வரணும். செல்லுபடியாகிற அமெரிக்க விசா இருந்தா இந்தியர்களுக்கு மெக்சிகோ விசா தனியா தேவையில்லை. ஜமைக்காவுக்கு இந்திய டூரிஸ்ட்டுக்கு விசாவே இல்லை. மத்த தீவுகளுக்கு, "கிழக்கு ரூட் மேற்கா மாறினா எங்க பாஸ்போர்ட்டுக்கு என்ன வேணும்"னு கம்பெனிக்கு இமெயில்ல கேட்டு, வர்ற பதிலை பிரின்ட் எடுத்துக் கையில வெச்சுக்குங்க. போன்ல சொன்னது கவுண்டர்ல செல்லாது.

ஃபிளைட்: ஒர்லாண்டோவுல இருந்து சென்னை வரைக்கும் ஒரே டிக்கெட்டா இருக்கணும். ரெண்டு டிக்கெட்டாத் துண்டு போட்டு வாங்கினா முதல் ஃபிளைட் தவறும்போது ரெண்டாவது கம்பெனி கை விரிச்சிடும். பெரிய புயல் வரும்போது ஏர்லைன்கள் கட்டணமில்லாம தேதி மாத்தறதுக்கு அறிவிப்பு கொடுக்கறதுண்டு. ஒரே டிக்கெட்டா இருந்தா அந்தச் சலுகை மொத்தப் பயணத்துக்கும் ஓடும்.

அப்பாவோட மாத்திரையை ஒரு வாரத்துக்குக் கூடுதலா, கைப்பையில. செக்-இன் பெட்டியில வேணாம். டாக்டர் சீட்டு, மருந்தோட மூலப்பெயரோட இருக்கணும்.

வண்ணை_வாசுகி | செவ்வாய், மதியம் 2.00

கேபின் எதுன்னும் பாருங்க கீதா. அம்மாவுக்குப் பயம்னா கீழ்த்தளத்துல, கப்பலோட நடுப்பகுதியில கேட்டு வாங்குங்க. ஆட்டம் அங்கதான் குறைச்சல். எங்களுக்கு முன்பக்கம் மேல்தளத்துல கொடுத்து, மாமியார் ரெண்டு நாள் எழுந்திரிக்கவே இல்லை.

தண்டையார்பேட்டை_குக் | செவ்வாய், இரவு 11.15

இன்னொண்ணு சொல்லணும்னு ரெண்டு நாளா இருக்கு. ரூட் மாறினா பயணிகள்ல சிலர் வேலை செய்யறவங்க மேல எரிஞ்சு விழுவாங்க. தயவுசெஞ்சு யாரும் அதைச் செய்யாதீங்க.

2017 செப்டம்பர் 18, மரியா புயல் டொமினிக்காவை ஐந்தாம் வகையா அடிச்சது. எங்க கிச்சன்ல அந்தத் தீவுப் பொண்ணு ஒருத்தங்க பேஸ்ட்ரி பக்கம் இருந்தாங்க. வீட்டுக்குப் போன் போகலை. நாள்கணக்கா போகலை. ரெண்டு குழந்தைங்க பாட்டிகிட்ட இருந்தாங்க. ஷிஃப்ட் முடிஞ்சு ஒவ்வொரு ராத்திரியும் சிப்பந்திகள் மெஸ்ல உட்கார்ந்து அதே நம்பரை அழுத்திக்கிட்டே இருப்பாங்க. மறுநாள் காலையில பழையபடி கேக் மேல பூ வெச்சுக்கிட்டு இருப்பாங்க. மேல ஒருத்தர் செயின்ட் தாமஸ்ல ஷாப்பிங் போச்சேன்னு கத்திக்கிட்டு இருந்தார். செயின்ட் தாமஸ்ல அப்போ ஜனங்களுக்குக் கூரையே இல்லை, இர்மா எடுத்துட்டுப் போயிருந்தது. கடைசியில அவங்க வீட்ல எல்லாரும் உயிரோட இருக்காங்கன்னு சேதி வந்தது.

அந்த மாசம் ராயல் கரீபியனோட அட்வென்ச்சர் ஆஃப் த சீஸ் கப்பல், பயணிகளோட அடுத்த பயணத்தை ரத்து பண்ணிட்டு, சான் ஹுவான்ல இருந்தும் பக்கத்துத் தீவுகள்ல இருந்தும் ஆயிரக்கணக்கான ஜனங்களை ஏத்திக்கிட்டு ஃப்ளோரிடா போச்சு. டிக்கெட் போச்சேன்னு அன்னிக்கு யாராவது வருத்தப்பட்டிருக்கலாம். ஆனா அந்த இடம் யாருக்குப் போச்சுன்னு பார்க்கணும்.

மிக்ஜாம் சமயத்துல நம்ம பசங்க எத்தனை பேர் கப்பல்ல இருந்தாங்க தெரியுமா? வீட்டுக்குள்ள தண்ணி, கரன்ட் இல்லை, சார்ஜ் இல்லாம போன் அணைஞ்சுபோச்சு, இவங்க சிரிச்ச முகத்தோட டின்னர் பரிமாறிக்கிட்டு இருந்தாங்க. ரூட் மாறின அன்னிக்கு உங்க கேபினைச் சுத்தம் பண்ண வர்றவரை "உங்க ஊர் எது, வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா"ன்னு கேளுங்க.

காசிமேடு_அந்தோணி | புதன், காலை 5.30

படிச்சேன் தம்பி. என் மச்சான் பையனும் அப்போ கப்பல்லதான் இருந்தான். ஒரு வாரம் கழிச்சுத்தான் பேச முடிஞ்சுது.

பெரம்பூர்_கீதா | வியாழன், இரவு 9.00

அண்ணன்கிட்ட பேசி ஃபிளைட்டை மூணு நாள் தள்ளிட்டோம், ஒரே டிக்கெட். இன்ஷூரன்ஸ் எடுத்தாச்சு, குரூஸ் சேரும்னு வாசகத்தைப் படிச்சுப் பார்த்தோம். கேபினை நடுத்தளத்துக்கு மாத்தியாச்சு. கம்பெனிக்கு விசா பத்தி இமெயில் போயிருக்கு.

அப்பாதான் இன்னும் கோட்டை கோட்டைங்கறார். 1539ல ஸ்பெயின்காரங்க கட்ட ஆரம்பிச்சது, யுனெஸ்கோ பட்டியல்ல இருக்குன்னு எல்லாம் சொல்றார். போக முடியலைன்னா முகம் வாடிடும்னு இருக்கு.

ஹார்பர்_மணி | வியாழன், இரவு 9.40

அவர்கிட்ட நான் பேசினேன்னு சொல்லும்மா. ரயிலுக்குத் தண்டவாளம் இருக்கு, அதை விட்டுப் போனா விபத்து. கப்பலுக்குத் தண்டவாளம் கடல் முழுக்க. ஐ.சி.எஃப். ஆள், புரிஞ்சுக்குவார்.

கோட்டைதான் அவருக்கு முக்கியம்னா அதைக் கப்பலை நம்பி விடாதீங்க. சான் ஹுவான் அமெரிக்காவோட பகுதிதான், உங்க விசாவே போதும், ஒர்லாண்டோவுல இருந்து நேர் ஃபிளைட் இருக்கு. கூடுதலா வெச்ச மூணு நாள் மிச்சமானா, வானிலை ஒத்துழைச்சா, அண்ணன் அப்பாவை மட்டும் கூட்டிட்டு ஒரு ராத்திரி தங்கிப் பார்த்துட்டு வரலாம். குரூஸ்ல போனா அந்தக் கோட்டைக்குக் கிடைக்கறது ரெண்டு மணி நேரம்தான். இப்படிப் போனா அவர் நோட்டை வெச்சு நிதானமா சுத்தலாம்.

பெரம்பூர்_கீதா | வியாழன், இரவு 9.55

மணி சார், இது எங்க யாருக்குமே தோணலை. அப்பா இப்பவே அண்ணனுக்குப் போன் போட்டுட்டார்.

வியாசர்பாடி_ஜெய் | வெள்ளி, காலை 10.30

நடுவுல நுழையறேன், மன்னிக்கணும். நாங்க டிசம்பர்ல சிங்கப்பூர்ல ஏறி பினாங்கு, புக்கெட் போற குரூஸ் பார்த்துக்கிட்டு இருக்கோம். அங்கயும் இதே கதைதானா? நம்ம சென்னையில இருந்தே இலங்கை போற கப்பலை எடுத்தா இன்னும் நல்லதா?

எண்ணூர்_எழில் | வெள்ளி, மாலை 6.20

ஜெய், சிங்கப்பூர் பக்கம் இந்தக் கவலை மிகவும் குறைவு. பூமத்திய ரேகைக்கு ஐந்து பாகைக்குள் புயல் சுழல்வதற்குத் தேவையான பூமிச் சுழற்சியின் விசை போதாது. விதிவிலக்காக 2001 டிசம்பரில் வாமேய் என்ற புயல் சிங்கப்பூருக்கு வெகு அருகில் ஜோகூரில் கரையேறியது. டிசம்பரில் அங்கே மழை இருக்கும், தென்சீனக் கடல் பக்கம் அலை இருக்கும். உங்கள் ரூட் மலாக்கா நீரிணை வழியாகப் போவதால் கடல் பொதுவாக அமைதி. ஹாங்காங், தைவான், ஒகினாவா பக்கம் ஜூலை முதல் அக்டோபர் வரை எடுத்தால்தான் கீதாவுக்குச் சொன்னதெல்லாம் அப்படியே உங்களுக்கும்.

சென்னையிலிருந்து கப்பல் சுற்றுலா 2022 ஜூனில் தொடங்கியது. கோடை மாதங்கள்தான் அதற்குச் சரி, அப்போது தென்மேற்குப் பருவமழையால் மும்பைப் பக்கம்தான் கடல் கொந்தளிப்பு. வங்கக்கடலுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம், மே மாதத்திலும் ஒன்றிரண்டு வரும். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிய பயணிகள் கப்பல் அக்டோபர் 20 அன்றே பருவமழையை முன்னிட்டு நிறுத்தப்பட்டது, மறுபடி ஓடியது 2024 ஆகஸ்டில். டிசம்பரில் நேரம் கிடைக்கிறது என்றால் சிங்கப்பூரே எடுங்கள். ஆனால் திரும்பும் சென்னை ஃபிளைட்டை அப்போதும் ஒரு நாள் தள்ளி வையுங்கள். அங்கே புயல் இல்லாவிட்டாலும் அந்த மாதம் இங்கே புயலால் மீனம்பாக்கம் விமான நிலையம் மூடியிருக்கலாம்.